ஆப்ட்

ஆப்ட் என்பது, லினக்ஸ் கர்னலின்மேல் இயங்கும் டெபியன் இயங்குதளத்திலும் அதன் வழித்தோன்றல்களாகிய உபுண்டு முதலியவற்றிலும், மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் நீக்கவும் பிரயோகிக்கப்படும் பொதி மேலாண்மைச் சாதனம். மென்பொருளின் கோப்புகளைக் கட்டிவைத்த பொதியைப் பிரித்து, அவற்றை உரிய ஸ்தானங்களில் அமர்த்தும் காரியம் டிபிகேஜி என்னும் கீழ்நிலை நிரலுக்குரியது. 1994-இல் தோன்றிய அந்நிரல், ஒரு பொதி தனக்கு ஆதாரமாக வேண்டும் பிற பொதிகள் இல்லாதவிடத்து அக்குறையைத் தெரிவிக்குமேயன்றி, அவற்றைத் தானே தேடிக் கொணராது. இதனை நிவர்த்திக்க 1998-இல் வெளிவந்த ஆப்ட், 1999 மார்ச்சில் டெபியன் 2.1 பதிப்புடன் பொதுவழக்குக்கு வந்தது.

‘இன்ஸ்டால்’ கட்டளை கிடைத்ததும், பொதிகள் சேமித்து வைக்கப்பட்டுள்ள இணையக் களஞ்சியத்தின் பட்டியலிலிருந்து, சார்புகள் எனப்படும் ஆதாரப் பொதிகள் அனைத்தையும் கணித்து, அவற்றைப் பதிவிறக்கி, கிரமப்படி டிபிகேஜியிடம் ஒப்படைப்பதே இதன் தலையாய பணி. சாமானியரும் லினக்ஸை அச்சமின்றிக் கையாள இதுவே பெரிதும் வழிவகுத்தது எனலாம். ‘அப்டேட்’ பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். நிறுவப்பட்ட மென்பொருளை உயர்த்துவது ‘அப்கிரேட்’ என்பது புதியோர் அவசியம் அறியவேண்டிய பேதம். ‘ரிமூவ்’ மென்பொருளை நீக்கினும் அதன் பொது அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ அவற்றையும் அகற்றும். பயனரின் சொந்தக் கோப்பகத்திலுள்ளவற்றை இரண்டுமே தீண்டா. பொதிகள் மெய்யானவையா என உறுதிசெய்யக் களஞ்சியத்தின் டிஜிட்டல் கையொப்பத்தை ஆப்ட் பரிசோதிக்கும் முறை, 2007-இல் வெளியான டெபியன் 4.0 முதல் நிலைபெற்றது.