தனிமைக்கும் ஒரு வரலாறு உண்டு

விடியற்காலையில் கேமராவோடு மலைமுன் தனியே நிற்பதைத் தவம் என்று சொல்வது இன்று சகஜம். ஆனால் புகைப்படக்கலை பிறந்தபோதே வந்த வழக்கம் அல்ல அது. 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் படமெடுக்கப் போனபோது 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளையும் ரசாயனங்களையும் இருட்டுக் கூடாரத்தையும் கோவேறு கழுதைகள் சுமந்தன. தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். அந்த அவசரத்தில் மலையைப் பார்த்து மெய்மறக்க நேரம் ஏது? 1871இல் ரிச்சர்ட் மாடாக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் மருந்து பூசிய தகடுகள் தயாராகவே விற்பனைக்கு வந்தன. கழுவும் வேலையை ஊர் திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்றான பிறகுதான் ஒற்றை ஆள் ஒளிக்காகக் காத்து நிற்க முடிந்தது.

கேமரா வருமுன்பே மனிதர்கள் சூரியோதயத்தை வணங்கவில்லையா என்று கேட்கலாம். வணங்கினார்கள், ஆனால் பெரும்பாலும் கூட்டமாக, சடங்காக. ஆளரவமற்ற நிலமே புனிதம் என்ற எண்ணம் வேறு. அதைச் சட்டகத்துக்குள் உண்டாக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1944 குளிர்காலத்தில் லோன் பைன் ஊருக்கருகே எடுத்த சியரா நெவாடா மலைத்தொடரின் விடியல் படமே இதற்குச் சான்று. நான்கு நாள் அதிகாலையில் வந்து ஏமாந்து, ஐந்தாம் நாள் கடுங்குளிரில் கார் கூரைமீது கேமராவை நிறுத்திக் காத்திருந்தார். மனைவி வர்ஜீனியா உடனிருந்தார். மேய்ந்துகொண்டிருந்த குதிரை பக்கவாட்டில் திரும்பியதும் படமெடுத்தார். குன்றின்மீது பள்ளி மாணவர்கள் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளை வெள்ளையாக எழுதி வைத்திருந்தார்கள். அவற்றை நெகட்டிவிலேயே முடிந்தவரை அழித்தார். மிச்சத்தைப் பிரதிகளில் மறைத்தார்.

அப்படியானால் அந்தப் பரவசம் போலியா? இல்லை. நான்கு நாள் வெறுங்கையோடு திரும்பியும் ஐந்தாம் நாள் குளிரில் வந்து நின்ற பொறுமையை யாரும் நடித்துக் காட்ட முடியாது. கவனம் சிதறாமலிருக்கச் சிலதை ஒதுக்குவது எந்தத் தியானத்திலும் உண்டு. ஆனால் அந்தப் படம், அதை எடுத்தவரின் மனநிலைக்குத்தான் சாட்சி, நிலத்தின் வரலாற்றுக்கு அல்ல. இது ஆடம்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் அந்தப் பக்கம் வந்ததே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு 10,000 பேருக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்திருந்த மன்சனார் முகாமைப் படமெடுக்கத்தான். அம்மக்களின் முகங்களை அதே 1944இல் நூலாகவும் வெளியிட்டார். விடியல் படத்தைப் போற்றுகிறவர்கள் அந்த நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நிலம் எவ்வளவு தனிமையாக இருந்தது என்பதற்கு இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பதில் கிடைக்கும்.