நியூயார்க் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம்

1790 ஏப்ரலில் அமெரிக்க அரசு நியூயார்க்கில் தொடுத்த வழக்கு ஒன்றில் பிரதிவாதி மனிதர் அல்ல, மூன்று பெட்டி இரும்புச் சாமான்கள். வழக்கின் பெயரே "அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் மூன்று பெட்டி இரும்புச் சாமான்கள்" என்றுதான் இருந்தது. தகராறு சுங்கத் தீர்வை பற்றியது. சரக்கின் மீதே வழக்குப் போடுவது கடல் வணிகச் சட்டத்தில் நெடுங்கால வழக்கம். உரிமையாளர் எந்தக் கடலுக்கு அப்பால் இருந்தாலும் சரக்கு கைக்குள் இருக்கிறதே! இந்த நீதிமன்றத்துக்கு வந்த முதல் வழக்கு அது. இன்று நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றம் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு, அமெரிக்க மத்திய அரசின் விசாரணை நீதிமன்றங்களில் மிகப் பழையது. மிக அதிகமாகச் செய்திகளில் அடிபடுவதும் இதுதான்.

1789 செப்டம்பரில் இயற்றப்பட்ட நீதித்துறைச் சட்டம் புதிய குடியரசை 13 நீதிமன்ற மாவட்டங்களாகப் பிரித்தது. நியூயார்க் மாவட்டத்துக்கு ஒரே ஒரு நீதிபதி. அதுவரை நகர மேயராக இருந்த ஜேம்ஸ் டுவேனை அந்தப் பதவியில் அமர்த்தினார் ஜார்ஜ் வாஷிங்டன். அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று பிராட் தெருவிலிருந்த வணிகர் மாளிகையில் நீதிமன்றம் முதல்முறை கூடியது. புதிய அரசமைப்பின் கீழ் கூடிய முதல் கூட்டாட்சி நீதிமன்றம் அதுவே. உச்ச நீதிமன்றம் அதே மாளிகையில் கூடியது 1790 பிப்ரவரியில்தான். அந்த மூன்று மாத மூப்பைச் சொல்லி இன்றும் இங்குள்ள வழக்கறிஞர்கள் இதைத் 'தாய் நீதிமன்றம்' என்று பெருமையோடு குறிப்பிடுவார்கள்.

இந்திய வாசகருக்கு இந்த ஏற்பாடு சற்று விநோதமாகத் தெரியலாம். நம்மூரில் மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் ஒரே நீதிமன்ற அடுக்கில்தான் வழக்கு ஏறி இறங்கும். அமெரிக்காவில் இரண்டு அடுக்குகள் அருகருகே இயங்குகின்றன. கொலை, வாடகைத் தகராறு, மணமுறிவு போன்றவை பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களுக்குப் போகும். மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள், காப்புரிமை, பங்குச் சந்தை மோசடி, கடல் வழக்குகள், வெவ்வேறு மாநிலத்தவருக்கிடையே 75,000 டாலருக்கு மேற்பட்ட சச்சரவுகள் ஆகியவை கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு வரலாம். இப்படிப்பட்ட மாவட்டங்கள் இப்போது 94. நியூயார்க் தெற்கு மாவட்டத்துக்கென்று சட்டம் தனி அதிகாரம் எதையும் தரவில்லை. அதன் செல்வாக்கெல்லாம் இடத்தால் வந்தது. முதலில் துறைமுகம், பிறகு வால் ஸ்ட்ரீட்.

'தெற்கு' என்ற அடைமொழி 1814-இல் ஒட்டியது. வழக்குகள் தேங்கி, இரண்டாவது நீதிபதியாக வில்லியம் வான் நெஸ் 1812-இல் நியமிக்கப்பட்டார். (1804-இல் அலெக்சாண்டர் ஹாமில்டனைச் சுட்டு வீழ்த்திய ஆரன் பர்ருக்கு அந்தத் துப்பாக்கிச் சண்டையில் துணையாக நின்றவர் இதே வான் நெஸ்தான். அதற்குப் பிறகும் அவருக்கு நீதிபதி பதவி கிடைத்தது.) இரண்டே ஆண்டுகளில் மாநிலமே வடக்கு, தெற்கு என இரு மாவட்டங்களாகப் பிரிந்தது. 1865-இல் புரூக்ளினும் லாங் தீவும் கிழக்கு மாவட்டமாகக் கழன்றன. இப்போது தெற்கு மாவட்டத்தின் எல்லைக்குள் மன்ஹாட்டன், பிராங்ஸ், வெஸ்ட்செஸ்டர், புட்னம், ராக்லாண்ட், ஆரஞ்ச், டச்சஸ், சல்லிவன் என எட்டு கவுண்டிகள் இருக்கின்றன.

துறைமுகத்தின் கை இந்த நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு டைட்டானிக் வழக்கே சாட்சி. கப்பல் பிரிட்டிஷ் கொடி பறக்கவிட்டது, மூழ்கியது நடுக்கடலில். ஆனாலும் 1912-இல் கப்பல் நிறுவனம் தன் பொறுப்புக்கு வரம்பு கட்டக் கோரி வந்து நின்றது நியூயார்க்கில். காரணம் எளிது. 1851-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, உரிமையாளர் அறியாமல் நேர்ந்த விபத்தானால், கப்பலில் மிஞ்சியதன் மதிப்புக்கு மேல் நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை. டைட்டானிக்கில் மிஞ்சியவை சில உயிர்காப்புப் படகுகளும் முன்கூட்டி வாங்கிய சரக்குக் கூலியும் பயணக் கட்டணமும்; மொத்தம் சுமார் 92,000 டாலர். பாதிக்கப்பட்டவர்கள் கேட்டதோ ஒரு கோடிக்கும் மேல். அந்நியக் கப்பலும் இந்தச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கலாம் என்று 1914-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணை நீதிபதி ஜூலியஸ் மேயர் முன் தொடங்கி, 1916-இல் ஏறத்தாழ 6,64,000 டாலர் சமரசத்தில் முடிந்தது. லூசிடானியா கப்பல் மூழ்கிய வழக்கும் அவரிடமே வந்தது. குற்றம் கப்பல் நிறுவனத்தின் மீதல்ல, ஜெர்மன் நீர்மூழ்கியின் மீதே என்று 1918-இல் அவர் தீர்ப்பளித்தார்.

இலக்கியம் இங்கே கூண்டேறியதும் சுங்கத்தின் வழியாகத்தான். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' ஆபாசம் என்று அமெரிக்காவில் தடைப்பட்டிருந்தது. அதை வெளியிட விரும்பிய ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் ஒரு தந்திரம் செய்தது. ஐரோப்பாவிலிருந்து ஒரு பிரதியை வரவழைத்து, சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்யும்படி தானே ஏற்பாடு செய்தது. அதிகாரி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிடித்தே ஆக வேண்டும் என்று பதிப்பகத்தின் ஆள் வற்புறுத்த வேண்டியிருந்தது. அந்தப் பிரதிக்குள் விமர்சகர்கள் எழுதிய பாராட்டுரைகளை முன்பே ஒட்டி வைத்திருந்தார்கள். புத்தகம் சாட்சியமானால் பாராட்டுரைகளும் கூடவே சாட்சியமாகிவிடும் அல்லவா? வழக்கின் பெயர் "அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் யுலிசிஸ் என்னும் ஒரு புத்தகம்". பதிப்பகத்தின் வழக்கறிஞர் மாரிஸ் எர்ன்ஸ்ட், இலக்கிய நாட்டமுள்ள நீதிபதி ஜான் வூல்சியின் முறை வரும்வரை வழக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். வூல்சி புத்தகத்தை முழுதாகப் படித்து, 1933 டிசம்பர் 6 அன்று அது ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்தார். மதுவிலக்கு ஒழிந்த மறுநாள் அது.

அப்படி நீதிபதியைத் தேர்ந்து காத்திருப்பது இன்று அவ்வளவு சுலபமில்லை. குற்ற வழக்குகளில், பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி குற்றப்பத்திரிகையை ஏற்றதும், பணியிலிருக்கும் மாஜிஸ்திரேட் நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் 'சக்கரம்' எனப்படும் குலுக்கலிலிருந்து ஒரு பெயரை எடுக்கிறார். விசாரணை எத்தனை நாள் இழுக்கும் என்ற மதிப்பீட்டுக்கேற்பத் தனித்தனிச் சக்கரங்கள். வந்த பெயருக்குரிய நீதிபதியிடம் வழக்கு கடைசிவரை இருக்கும்.

நீதிபதிப் பணியிடங்கள் 28. குடியரசுத் தலைவர் பெயரை முன்மொழிய, செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். பதவி வாழ்நாள் முழுவதற்கும். ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. 65 வயதாகி, வயதும் பணிக்காலமும் கூட்டி 80 வந்தால் 'மூத்த நீதிபதி' நிலைக்கு மாறலாம். அப்போது அவருடைய இடம் காலியானதாகக் கருதப்பட்டுப் புதியவர் வருவார். மூத்தவரும் விரும்பிய அளவு வழக்குகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1933-இல் பிறந்த ஆல்வின் ஹெல்லர்ஸ்டீன் 90 கடந்த பிறகும் விசாரணை நடத்தினார். தலைமை நீதிபதி பதவி தேர்தலாலோ நியமனத்தாலோ வருவதில்லை. 65-ஐத் தாண்டாதவர்களில் பணிமூப்பு உள்ளவருக்கு அது தானாக வந்து சேரும். அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். மாஜிஸ்திரேட் நீதிபதிகளை மாவட்ட நீதிபதிகளே எட்டாண்டுக்கு நியமிக்கிறார்கள். ஜாமீன், முதல் ஆஜர், ஆவணப் பரிமாற்றத் தகராறுகள் போன்ற அன்றாடச் சுமை பெரும்பாலும் அவர்கள் தோளில்தான்.

திவால் நீதிமன்றம் இதன் தனிப்பிரிவு. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் மனு போட்டது இங்கேதான்; 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கேதான் வந்தது. மன்ஹாட்டனின் தென்கோடியில் இந்தத் திவால் நீதிமன்றம் நடப்பது பழைய சுங்க மாளிகையில். அதைக் கட்டிய கேஸ் கில்பர்ட்தான் ஃபோலி சதுக்கத்தில் பொற்கூரைக் கோபுரத்தோடு நிற்கும் நீதிமன்றக் கட்டடத்தையும் வடிவமைத்தார். அது திறக்கப்பட்ட 1936-இல் அவர் உயிரோடு இல்லை. இப்போது அதற்குத் தர்குட் மார்ஷல் பெயர். மேல்முறையீடுகளைக் கேட்கும் இரண்டாம் சுற்று நீதிமன்றமும் அங்கேயே அமர்கிறது. மாவட்ட நீதிபதிகளில் பெரும்பாலோர் அருகிலுள்ள டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் கட்டடத்தில் இருக்கிறார்கள். வடபகுதி மக்களுக்காக ஒயிட் பிளெயின்ஸில் இன்னொரு நீதிமன்றம் உண்டு.

பனிப்போர்க் காலத்தில் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தின் முகம் மாறியது. சோவியத்துக்கு அணு ரகசியம் கடத்தச் சதி செய்ததாக ஜூலியஸ், ஈதெல் ரோசன்பெர்க் தம்பதிக்கு 1951 ஏப்ரலில் நீதிபதி இர்விங் காஃப்மன் மரண தண்டனை விதித்தார். அவர் அரசுத் தரப்போடு தனிமையில் பேசியிருந்ததைப் பின்னாளில் வெளியான எஃப்.பி.ஐ. ஆவணங்கள் காட்டின. இந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அழியாத கறை அது. இருபதாண்டு கழித்து முற்றிலும் வேறொரு காட்சி. வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ரகசிய ஆவணங்களை 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட, தடை கேட்டு அரசு ஓடி வந்தது. வழக்கு விழுந்தது, நிக்சன் நியமித்துச் சில நாட்களே ஆகியிருந்த நீதிபதி மர்ரி குர்ஃபைனிடம். 1971 ஜூன் 15 அன்று தற்காலிகத் தடை தந்தவர், நான்கே நாளில் வழக்கு முடியும்வரை நீடிக்கும் தடை தர மறுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றமும் பத்திரிகையின் பக்கம் நின்றது.

1966-இல் இங்கே பதவியேற்ற கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி, கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண். பேஸ்பால் வீரர்களின் உடைமாற்று அறைக்குள் ஆண் நிருபர்களை விட்டுப் பெண் நிருபரைத் தடுத்தது செல்லாது என்று 1978-இல் சொன்னவர் அவரே. 1992-இல் இங்கே விசாரணை நீதிபதியாக வந்த சோனியா சொட்டோமயோர் பின்னர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்.

இந்தியா இந்தப் படிகளில் ஏறிய கதை தனியே சொல்லத்தக்கது. 1984 டிசம்பர் போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு அமெரிக்க வழக்கறிஞர்கள் பல மாநிலங்களில் தொடுத்த வழக்குகள் எல்லாம் ஒன்றுதிரட்டப்பட்டு, நீதிபதி ஜான் கீனனிடம் வந்தன. பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் தானே பிரதிநிதி என்று சட்டம் இயற்றிக்கொண்ட இந்திய அரசும் 1985 ஏப்ரலில் இங்கே வழக்குப் போட்டது. அரங்கேறிய வாதம் நாடகத்தையும் மிஞ்சியது. இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்கும் திறன் எங்கள் நீதிமன்றங்களுக்கு இல்லை என்றது இந்திய அரசு; அதற்குச் சான்றுரைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் மார்க் கேலன்டர். இந்திய நீதிமன்றங்கள் முழுத் தகுதியுள்ளவை என்று, ஆலையின் தாய் நிறுவனமான யூனியன் கார்பைடு தரப்பில் பிரமாணப் பத்திரம் தந்தவர் நம் வழக்கறிஞர் நானி பல்கிவாலா!

1986 மே 12 அன்று கீனன் வழக்கை இந்தியாவுக்குத் திருப்பினார். சாட்சிகளும் ஆவணங்களும் பாதிக்கப்பட்டவர்களும் அங்கே இருக்கிறார்கள். இந்திய நீதிமன்றங்களைத் தகுதியற்றவை என்று ஓர் அமெரிக்க நீதிபதி முடிவு கட்டுவது ஏகாதிபத்தியத்தின் மறுபதிப்பாகிவிடும் என்பது அவர் வாதம். கேட்க மரியாதையாகத்தான் இருந்தது. பலன் யாருக்குக் கிடைத்தது என்பது வேறு கணக்கு. இந்திய நீதிமன்ற அதிகாரத்தை யூனியன் கார்பைடு ஏற்க வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளை அவர் விதித்தார். மற்ற சிலவற்றை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. கடைசியில் 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. அமெரிக்க ஜூரி ஒன்று தந்திருக்கக்கூடிய தொகையோடு ஒப்பிட்டால் அது சொற்பம் என்ற குமுறல் போபாலில் இன்றும் ஓயவில்லை.

பங்குச் சந்தைக் குற்றங்களில் இந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எவ்வளவு துணிச்சல் என்றால், வாஷிங்டனுக்குக்கூடக் கட்டுப்படாத 'தனி அரசு' என்று கேலி பேசுவார்கள். முதலீட்டு மோசடிக்காரர் பெர்னார்டு மேடாஃபுக்கு 2009-இல் நீதிபதி டென்னி சின் விதித்தது 150 ஆண்டு சிறை. பஞ்சாபின் ஃபிரோஸ்பூரில் பிறந்த பிரீத் பராரா அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தில் சிக்கியவர்களில் கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினமும் ஒருவர். கேலியன் நிதியத்தை நிறுவிய அவரது தொலைபேசி உரையாடல்களை அரசு ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்திருந்தது. போதைமருந்துக் கும்பல்களுக்கு எதிராகப் பழகிய அந்த உத்தி, உள்தகவல் வணிக வழக்கில் இவ்வளவு பெரிதாகப் பயன்பட்டது அதுவே முதல்முறை. ஜூரி தன் காதாலேயே அந்தக் குரலைக் கேட்டது. 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று முடிவானது. தண்டனை 11 ஆண்டு.

நாடுகளே பிரதிவாதிகளாக வருவது அடுத்த கட்டம். நாடுகள் வெளிநாட்டில் விற்கும் கடன்பத்திரங்களில் பெரும்பங்கு நியூயார்க் சட்டத்தின் கீழ் வெளியிடப்படுவதால், தவணை தவறினால் கடன் கொடுத்தவர் தேடி வருவது இந்த வாசலைத்தான். 2001-இல் கையை விரித்த அர்ஜென்டினாவின் பத்திரக்காரர்களில் பெரும்பாலோர் குறைந்த தொகைக்கு உடன்பட்டார்கள். முழுத்தொகை கேட்டு ஒரு சில நிதியங்கள் பிடிவாதம் பிடித்தன. அவர்களுக்குத் தராமல் மற்றவர்களுக்கும் தரக்கூடாது என்று நீதிபதி தாமஸ் கிரீசா ஆணையிட, பணம் நியூயார்க் வங்கியிலேயே நின்றுபோனது. 2014 ஜூலையில் அந்த நாடு மீண்டும் தவணை தவறியது. இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியபோது, அந்த ஜூலையில் முதிரவிருந்த 5.875 சதவீதப் பத்திரங்களில் 25 கோடி டாலருக்கு மேல் வைத்திருந்த செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் நாட்டின் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, ஜூனிலேயே இங்கே வழக்குப் போட்டது. பன்னாட்டு நாணய நிதியத்தோடும் மற்றக் கடன் கொடுத்தோரோடும் பேச்சு நடந்துகொண்டிருந்ததால், நீதிபதி டெனிஸ் கோட் 2023-இல் விசாரணையை நிறுத்தி வைத்தார். 2024 டிசம்பரில் மற்றப் பத்திரக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய பத்திரத்தைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டார்கள். ஹாமில்டன் வங்கி தன் வழக்கைக் கைவிடவில்லை.