கண்டார் என்னும் தண்டு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் கடைப் பலகைகளை முதன்முதலாகப் படிக்கும் தமிழரை ஒரு பெயர் நிறுத்தி வைக்கும்: ‘நாசி கண்டார்’. நமக்கு நாசி என்றால் மூக்கு, கண்டார் என்றால் பார்த்தார். மலேசியத் தமிழ் நாளிதழ்களும் இந்தப் பெயரை இப்படித்தான் அச்சிடுகின்றன. ஆனால் இரண்டு சொற்களும் மலாய். உள்ளே அடுப்படியில் நிற்பவர்களோ பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள், அல்லது அவர்கள் வழிவந்தவர்கள். ராமநாதபுரம், கடையநல்லூர் என்று ஊர் சொல்லும் குடும்பங்கள் அங்கே ஏராளம். தமிழர் ஆக்கிய சோற்றுக்கு மலாய்க்காரர் பெயர் எப்படி வந்தது?

இதற்கு விடை தேட நல்ல வழி அந்த நகரத்தின் பழைய தெருக்களில் நடப்பதுதான். ஜார்ஜ் டவுனின் பழம்பகுதி 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வழிகாட்டியோடு கடை கடையாக நின்று சாப்பிட்டுக்கொண்டே போகும் உணவு உலாக்கள் இன்று அங்கே நிறைய நடக்கின்றன. துறைமுகப் பக்கம் புறப்பட்டு மேற்கே போனால், அந்தச் சொல் நடந்த வழியிலேயே நாமும் நடப்போம்.

முதற்சொல்லில் சிக்கல் இல்லை. நாம் வயலில் நிற்பதை நெல் என்றும், உமி நீங்கியதை அரிசி என்றும், வெந்ததைச் சோறு என்றும் மூன்றாகப் பிரிக்கிறோம். மலாயும் அப்படியே பிரிக்கிறது: பாடி, பெராஸ், நாசி. மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் மொழிகள் பல உண்டு. சோறுண்ணும் இந்த இரு மக்களின் மொழிகளும் மூன்றையும் கலப்பதில்லை. ஆக நாசி என்பது சோறு. மூக்குக்கும் அதற்கும் உறவில்லை.

இரண்டாம் சொல்தான் ஆராயத் தகுந்தது. மலாயில் ‘கண்டார்’ என்பது ஒரு வினை: தோளில் தண்டை வைத்து இருமுனையிலும் பாரத்தைத் தொங்கவிட்டுச் சுமத்தல். ‘மெங்கண்டார்’ என்று முன்னொட்டுச் சேர்த்தும் வழங்கும். உலா தொடங்கும் வெல்ட் கீ கடற்கரைச் சாலையில் நின்றால் இந்த வினையின் பொருள் கண்முன் விரியும். 1880களில் கடலைத் தூர்த்து எடுத்த நிலம் அது. அந்நாளைய ஆளுநர் பிரெடெரிக் வெல்டின் பெயர் அதற்கு. கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கிய தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் காலையில் பசியோடு நிற்க, தோளில் தண்டு ஏற்றி ஒருவர் வருவார். ஒரு முனையில் சோறு, மறு முனையில் குழம்பு. இறக்கி வைத்த இடமே கடை. சோற்றை இலையில் வைத்து, மேலே மீன் குழம்போ ஆட்டுக்கறியோ ஊற்றிக் கொடுத்தால் உடலுழைப்பாளிக்கு அரை நாள் தாங்கும்.

உலாக்களில் இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். உருது, இந்தி மொழிகளில் தோளுக்குக் ‘கந்தா’ என்று பெயர். அதுவே கண்டார் ஆனது என்பார்கள். கேட்க இனிக்கும், ஏனென்றால் பொருளும் தோள்தான். ஆனால் சொல்லின் கடைசியில் நிற்கும் ரகரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. மலாயில் கண்டார் பெயராகவும் வினையாகவும் முன்னொட்டு ஏற்று இயல்பாகப் புழங்கும் சொல். அது கையில் இருக்கும்போது, தமிழ் பேசிய வியாபாரி உருதுச் சொல்லைக் கொண்டுவந்து மலாய்க்காரரிடம் ஒப்படைத்தார் என்று நம்ப வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. நம்மவர் சிலருக்கு முருகனின் கந்தர் என்ற பெயரும் நினைவுக்கு வரும். காவடியும் தோளில்தானே வருகிறது என்று தோன்றும். அது வெறும் ஒலி ஒற்றுமை. கந்தன் ‘ஸ்கந்த’ என்பதிலிருந்து வந்த பெயர். தோளைக் குறிக்கும் வடசொல் ‘ஸ்கந்த⁠ம்’ எழுத்தில் நெருங்கினாலும் வேறு சொல். மலாய்க் கண்டாருக்கு இரண்டோடும் தொடர்பு காட்டச் சான்று வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அந்தக் காலத்தில் தோள்தண்டில் விற்றவர் இவர் மட்டும்தானா? சீனர் நூடுல்ஸையும் மலாய்க்காரர் சாத்தேயையும் அப்படியே சுமந்து விற்றார்கள். அவற்றுக்கெல்லாம் ஒட்டாத தண்டு இந்தச் சோற்றுக்கு மட்டும் ஏன் ஒட்டியது? எனக்குத் தோன்றும் காரணம் இது. மலாயில் சோற்று வகைகளுக்கு அடையாகப் பெரும்பாலும் அதன் தன்மையோ செய்முறையோ வரும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு ஏறியது நாசி லெமாக். வறுத்தது நாசி கோரெங். எண்ணெயோ நெய்யோ விட்டது நாசி மின்யாக். நம் வியாபாரி கொண்டுவந்தது வெறும் வெள்ளைச் சோறு. அதன்மேல் ஊற்றும் குழம்பு ஒவ்வொரு நாளும், ஒவ்வோர் ஆளுக்கும் மாறும். ஒன்றோடு நிற்காமல் இரண்டு மூன்று குழம்புகளைக் கலந்து ஊற்றுவதே அதன் சுவை. வெள்ளமாக ஊற்று என்பதற்கு இன்றும் ‘பஞ்சிர்’ என்றுதான் கேட்கிறார்கள். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். இப்படி எந்தப் பொருளாலும் பெயரிட்டுப் பிடிக்க முடியாத சோற்றை, வாங்கியவர் அது வந்த விதத்தால் அழைத்தார்.

தோள்சுமை எப்படியெல்லாம் சொல்லாகிறது என்பதற்கு மலாயில் இன்னொரு சான்று உண்டு. ‘பிக்குல்’ என்பதும் சுமத்தலே. ஓர் ஆள் சுமக்கக்கூடிய பாரம் என்ற பொருளிலிருந்து அது எடையின் பெயராயிற்று. காட்டி என்னும் எடை நூறு சேர்ந்தால் ஒரு பிக்குல், ஏறக்குறைய 60 கிலோ. மலாய்த் துறைமுகங்களில் மிளகும் ஈயமும் இந்த அளவில்தான் விலை பேசப்பட்டன. இதே பாதையில் தமிழ் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. தமிழில் ‘கா’ என்பது தோளில் சுமக்கும் தண்டு. அதில் தொங்கும் தோட்சுமைக்கும் அதுவே பெயர். நிறுத்தல் அளவின் பெயராகவும் கா வழங்கியது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் புணர்ச்சி விதி சொல்லும்போது பனையை ஓர் அளவாகவும் காவை ஒரு நிறையாகவும் எடுத்துப் பேசுகிறது. கடலுக்கு இருபுறமும் இருந்த இரு மொழிகள், ஒன்றையொன்று கேட்காமலே, மனிதத் தோளைத் தராசாக வைத்து எடைக்குப் பெயரிட்டிருக்கின்றன. இந்த ஒற்றுமையைக் கண்டபோது எனக்குக் கடன்சொல் ஒன்றைக் கண்டுபிடித்ததை விடப் பெரிய மகிழ்ச்சி உண்டாயிற்று.

துறையை விட்டு உள்ளே திரும்பினால் முதலில் குறுக்கிடுவது பீச் தெரு. மலாயில் லெபோ பந்தாய், கடற்கரைத் தெரு. அங்கே இன்று கடற்கரை இல்லை. தூர்த்த நிலம் கடலைத் தள்ளிவிட்டது, பெயர் மட்டும் நகரவில்லை. அதைக் கடந்து சூலியாத் தெருவில் நுழைந்தால் தமிழரின் பழைய குடியிருப்பு. 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கைக்கொண்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் இங்கே இருந்தார்கள். லைட் அவர்களைக் கடைக்காரர்களாகவும் கூலியாட்களாகவும் குறிப்பிடுகிறார். அவர்களில் பலர் அதற்கு முன்பே எதிர்க்கரையிலுள்ள கெடாவில் வாழ்ந்தவர்கள். தெருவுக்கு முதலில் ‘மலபார்’ என்று பெயர். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும்கூட அப்படித்தான் அழைத்தார்கள். பிறகு ‘சூலியா’ ஆயிற்று. சூலியாவைச் சோழத்தோடு, சோழியரோடு இணைப்பதே ஆய்வாளரிடம் பெருவழக்கு.

சூலியாத் தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்த தர்கா நிற்கிறது. இன்னும் கொஞ்சம் மேற்கே 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதைக் கட்டிய காதர் மொய்தீன் இந்திய முஸ்லிம்களின் தலைவராக ஆங்கிலேயரால் ஏற்கப்பட்டவர். ‘கப்பித்தான்’ போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. ‘கெலிங்’ கலிங்கத்திலிருந்து. கலிங்கக் கரையோடு எந்தத் தொடர்பும் இல்லாத தமிழரும் கெலிங் ஆனார்கள், ஏனென்றால் தென்னிந்தியக் கரைகளிலிருந்து வந்தவர்களுக்கு மலாய் உலகம் பொதுவாக அந்த ஒரு பெயரையே வைத்திருந்தது. பழைய மலாய் வரலாற்று நூல்களில் இழிவின்றி வந்த சொல், காலனியாட்சியில் கூலியாட்களைக் குறித்துக் குறித்து வசையாகிவிட்டது. சிங்கப்பூரில் இதே சொல்லைத் தாங்கியிருந்த தெருவின் பெயரை இந்தியர்கள் எதிர்த்தார்கள். 1920களில் அதுவும் சூலியாத் தெருவாக மாறியது. மாற்றிய பெயரும் அவர்கள் தமக்குத் தாமே இட்டதில்லை. தங்களை மரைக்காயர், ராவுத்தர் என்று சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். பினாங்கில் மரைக்காயர் ‘மெரிக்கன்’ என்று குடும்பப் பெயராக இன்றும் இருக்கிறது.

வாங்குபவர் வைத்த பெயர்களில் ஒன்று மட்டும் தமிழ் வீட்டுக்குள்ளிருந்து எடுத்தது: ‘மாமாக்’. தமிழ் முஸ்லிம் கடைக்காரரை மலேசியா முழுவதும் இப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ் ‘மாமா’வே இறுதியில் ககரம் ஏற்றது என்பது பொதுவான விளக்கம். சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களிடமும் தாயின் உடன்பிறந்தவர் மாமாக்தான். ஆகவே புதுச்சொல் ஏற மலாய்க் காதில் இடம் முன்பே இருந்திருக்கும். தொனியைப் பொறுத்து இது அன்பாகவும் ஒலிக்கும், ஏளனமாகவும் ஒலிக்கும். அந்த ஏளனத்தால் மனம் நொந்தவர்கள் உண்டு. இன்று கடைகளில் சீன இளைஞரும் மலாய்ப் பெண்ணும், “அண்ணே, தே தாரிக் ஒன்று” என்று கேட்கும்போது அடுத்த உறவுச்சொல்லும் கடல் தாண்டி நிலைத்துவிட்டது தெரிகிறது. ‘மச்சா’வும் அப்படியே.

இனி அந்தத் தே தாரிக்கையே பார்க்கலாம். ‘தாரிக்’ என்றால் இழு. தேநீரை நாம் ஆற்றுவது என்கிறோம். எதிரே நின்றவருக்கு அது நீளமாக இழுப்பதாகத் தெரிந்தது. ரொட்டி சானாயைச் ‘சென்னை’யிலிருந்து வந்ததாகத் தமிழர் பலர் பெருமையோடு சொல்வார்கள். சுட்டவர்கள் பெரும்பாலும் தென்கோடி மாவட்டத்தார், சென்னைவாசிகள் குறைவு. மலாயில் ‘சானாய்’ என்றால் தேய்த்து மெலிதாக்குதல். கல்லில் எண்ணெய் தடவி மாவை வீசி விரிப்பதைப் பார்த்த கண்ணுக்கு வேறு பெயர் தேவையில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி இரவில் திறக்கும் நாசி கண்டார் கடையைக் கடைப்பெயரால் யாரும் தேடுவதில்லை. ‘பெராத்தூர்’ என்பார்கள். வரிசையில் நில் என்று பொருள். அங்கே எப்போதும் வரிசை நிற்பதால் வரிசையே பெயராயிற்று.

தாரிக், சானாய், பெராத்தூர், கண்டார் எல்லாமே வினைகள். நம் சமையலிலும் அவியல், வறுவல், பொரியல் என்று வினையால் வந்த பெயர்கள் உண்டு. அவை அடுப்பங்கரையில் நடப்பவை, சமைப்பவர் அறிந்தவை. மலாய்ப் பெயர்களில் இருப்பது தெருவில் நடந்தது: கை உயர்வது, தோள் தாழ்வது, கால் வரிசையில் நிற்பது. சோற்றில் என்ன மசாலா, குழம்பில் எது கூடுதல் என்பதெல்லாம் வாங்கியவருக்குத் தெரியாது. பாடுபடும் ஓர் உடலை எதிரே நின்று பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். இந்தப் பெயர்களில் அதுவே பதிந்து கிடக்கிறது. சமைத்தவர்கள் தம் ஊர்ப்பெயரையோ குழம்பின் பெயரையோ வைத்திருந்தால் பிரியாணி போல இன்னோர் உணவுப் பெயர் கிடைத்திருக்கும். அந்தத் தோளை நாம் இழந்திருப்போம்.

தண்டு மறைந்து வெகுகாலம் ஆயிற்று. 1907இல் தொடங்கியதாகச் சொல்லும் கேம்பல் தெரு ஹமீதியா போன்ற கடைகள் சோற்றைக் கூரைக்குள் கொண்டுவந்தன. பினாங்குச் சாலைப் பக்கத்துச் சந்துகளில் நடந்தாலும் இன்று காண்பது கண்ணாடி அடுக்கில் வரிசையாகத் தட்டுகள்தான். மலாயில் கடைக்குக் ‘கெடாய்’ என்று பெயர், நம் கடை. ஊற்றும் குழம்புக்குக் ‘காரி’, நம் கறி. தமிழ்க் கடையில் தமிழ்க் கறி, தமிழர் கை. பெயர் மட்டும் மலாய். அந்தப் பெயர் சுட்டும் பொருளோ கடையில் எங்கும் இல்லை.

இன்றைய மலாய்ப் பேச்சில் சுமப்பதற்குப் பிக்குல் என்பார்கள், அங்காட் என்பார்கள். கண்டார் என்றால் இளைஞருக்குச் சோறுதான் நினைவில் எழும். வினை தேய்ந்து, உணவின் பெயரில் ஒதுங்கிவிட்டது. தமிழ்நாட்டில், சுமப்பதைக் குறித்த ‘காவுதல்’ என்னும் வினைக்கும் இதே கதி. புறநானூற்று ஔவையார் காலத்தில் பாணர் தம் கருவிகளைக் காவிச் சென்றார்கள். இன்று நம்மிடம் மீந்தது முருகனுக்கு எடுக்கும் காவடி ஒன்றே. யாழ்ப்பாணத்தில் அப்படியில்லை. அங்கே பிள்ளையை இடுப்பில் காவுகிறார்கள், சந்தைப் பையைக் காவிக்கொண்டு வருகிறார்கள், “உதை ஒருக்கால் காவிக்கொண்டு வா தம்பி” என்று வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள்.