கடல் கடந்த தமிழ் மகளிரும் உலக அரசியலும்

உலக அரசியல் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றும் காட்சி யாது? பெரியதொரு மாளிகை, நீண்ட மேசை, அதனைச் சுற்றி அமைச்சர்களும் தூதர்களும். அங்கே பெண்களைக் காண்பது அரிது. ஏழை வீட்டுப் பெண்களைக் காண்பது அதனினும் அரிது. ஆதலால் அரசியலுக்கும் அடுக்களைக்கும் தொடர்பில்லை என்று நம்மிற் பலர் எண்ணிவிடுகிறோம்.

இவ்வெண்ணம் பிழையானது என்பதை மெய்ப்பிக்கும் வரலாறு ஒன்று நம் இனத்திற்கே உண்டு. நம்மைப் போலவே பிழைப்பு நாடி ஊர் விட்டுச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் வரலாறு அது. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் குடிவந்து வாழும் நம் குடும்பத்தார், சிறப்பாக நம் தாய்மார்கள், அதனை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அதில் இருந்தனர். பின்னர் அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் சென்றனர். கரும்புத் தோட்டத்திலும், நிலக்கரிச் சுரங்கத்திலும், ரயில் பாதையிலும் அவர்கள் உழைத்தனர். ஒப்பந்தம் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினர். பலர் அங்கேயே குடியமர்ந்தனர்.

குடியமர்ந்தவர்களை விரட்டுவதற்கு நேட்டால் அரசு ஓர் உபாயம் கண்டது. மீண்டும் ஒப்பந்தக் கூலியாகாமலும், ஊர் திரும்பாமலும் அங்கே வாழ விரும்புவோர் ஆண்டுதோறும் தலைக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்று 1895-இல் சட்டம் செய்தது. ஒப்பந்தக் கூலியாளரின் தொடக்கச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். அதாவது ஆறு மாதச் சம்பளம். 1903-இல் இவ்வரி பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பதினாறு வயது நிரம்பிய மகனுக்கும், பதின்மூன்றே வயது நிரம்பிய மகளுக்கும் தந்தை வரி கட்ட வேண்டியதாயிற்று. பெண் குழந்தை வளர வளர அவ்வீட்டில் அச்சமும் வளர்ந்தது என்க.

இதன்மேல் மற்றோர் இடி விழுந்தது. 1913 மார்ச் 14-ஆம் நாள், கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஸெர்ல் என்பார் ஒரு தீர்ப்பு வழங்கினார். பலதார மணத்திற்கு இடந்தரும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணங்களை அந்நாட்டுச் சட்டம் ஏற்காது என்பது அதன் சாரம். தாலி கட்டி, ஊரறிய மணந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அவர்கள் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்திற்கு உரியதாயிற்று.

வரி, பயண அனுமதி, வியாபார லைசென்ஸ் ஆகியவற்றைப் பற்றி அதுவரை ஆடவரே போராடி வந்தனர். இப்போது அரசு வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஆகவே பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்தனர். இதுவே நாம் கருத்திற் கொள்ள வேண்டிய உண்மை. அவர்கள் அரசியலைத் தேடிச் செல்லவில்லை. அரசியல் அவர்களைத் தேடி வந்தது.

அக்காலத்து உலக நிலையையும் சற்று நோக்குவோம். 1893-இலேயே நியூஸிலாந்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றிருந்தனர். ஆயினும் பேரரசின் தலைநாடாகிய இங்கிலாந்தில் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை இல்லை. அதனைக் கேட்டுப் போராடிய எமிலி டேவிஸன் என்னும் மங்கை 1913 ஜூன் மாதம் குதிரைப் பந்தய மைதானத்தில் அரசரின் குதிரை முன் சென்று, மோதுண்டு உயிர் துறந்தார். கற்ற மகளிர்க்கே அந்நிலை என்றால், தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நம் பெண்களின் நிலையை என்னென்பது! அவர்களுக்கு வாக்கில்லை, பெரும்பாலோர்க்கு எழுத்தறிவில்லை, கணவருக்கும் வாக்கில்லை.

1913 செப்டம்பரில் கஸ்தூரிபா உள்ளிட்ட பதினாறு பேர் அடங்கிய முதல் அணி எல்லையில் கைதாகிச் சிறை புகுந்தது. டிரான்ஸ்வால் பகுதியிலிருந்து பதினொரு பெண்கள் கொண்ட மற்றோர் அணி புறப்பட்டது. அவர்களுள் ஏறக்குறைய அனைவரும் தமிழ் வழங்கும் வீட்டினர். ஆறு பேர் கைக்குழந்தையுடன் சென்றனர். தமிழர் தலைவராக விளங்கிய தம்பி நாயுடுவின் மனைவியாரும் அவர்களுள் ஒருவர். அனுமதியின்றி எல்லை கடந்தும் அதிகாரிகள் அவர்களைக் கைது செய்யவில்லை. எனவே அவர்கள் நியூகாசில் என்னும் நிலக்கரி நகரை அடைந்து, சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் சென்று பேசினர்.

அவர்கள் பேசியது மேடைப் பேச்சன்று. மூன்று பவுன் வரி நீங்கும் வரை சுரங்கத்தில் இறங்காதீர்கள் என்று வேண்டிக்கொண்டனர். பச்சிளங் குழந்தையை இடுப்பில் சுமந்து வந்து ஒரு தாய் கேட்கும்போது மறுப்பது எங்ஙனம்? அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிலக்கரி நின்றால் ரயில் நிற்கும் காலம் அது. ரயில்வேயில் பணிபுரியும் எமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டுவதில்லை. அரசும் உடனே விளங்கிக்கொண்டது. அக்டோபர் 21-ஆம் நாள் அப்பெண்கள் கைது செய்யப்பட்டு, மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு, மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

பெண்களைச் சிறையிட்டால் தீ அணையும் என்று எண்ணினர் போலும்! அது பரவவே செய்தது. நவம்பர் 6-ஆம் நாள் காந்தியடிகள் தொழிலாளரைத் திரட்டி டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தார். அப்படையில் 2,037 ஆடவரும், 127 பெண்டிரும், 57 குழந்தைகளும் இருந்தனர். வழியில் இரு தாய்மார் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தனர். ஒரு குழந்தை குளிரில் மாண்டது. மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி வீழ்ந்து மாண்டது. அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. அவர்கள் மேலும் நடந்தனர். வேலைநிறுத்தமோ கடற்கரைக் கரும்புத் தோட்டங்கள் வரை பரவியது.

இச்செய்தி கடல் கடந்து வந்து முழங்கிய இடங்களுள் ஒன்று நம் நகரமே. பம்பாய் டவுன் ஹாலில் பேசிய ஸர் பிரோஸ்ஷா மேத்தா, நம் பெண்கள் சாதாரணக் குற்றவாளிகளோடு சிறையில் அடைபட்டுக் கிடப்பதை நினைத்தால் இரத்தம் கொதிக்கிறது என்றும், இந்தியா இனியும் வாளாவிருத்தல் இயலாது என்றும் கூறினார். நிதானத்திற்குப் பெயர் பெற்ற பெரியவர் அவர். கோட்டைப் பகுதியில், அகன்ற படிக்கட்டுகளோடு இன்றும் நிற்கும் அம்மண்டபத்தை நம்மிற் பலர் கடந்து சென்றிருப்போம். அதே நவம்பரில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு சென்னையில் பேசுகையில், தென்னாப்பிரிக்க இந்தியர்களின் போராட்டத்திற்கு வெளிப்படையாக அனுதாபம் தெரிவித்தார். பேரரசின் ஓர் அரசை அதே பேரரசின் பிரதிநிதி பழித்தது இலண்டனையே திடுக்கிடச் செய்தது. குடியிருப்பு வாசலில் தொடங்கிய பேச்சு எத்துணைத் தொலைவு சென்றது பாருங்கள்!

சிறை சென்ற மகளிருள் நம் நெஞ்சை விட்டு அகலாதவர் தில்லையாடி வள்ளியம்மை. அவர் 1898-இல் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்தவர். தாயாரின் ஊர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி. தாயும் மகளுமாகப் போராட்டத்தில் இறங்கினர். 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் பெற்றுச் சிறை புகுந்த வள்ளியம்மையைக் கொடுங்காய்ச்சல் பற்றியது. எலும்பும் தோலுமாக வெளிவந்தவரைக் காந்தியடிகள் கண்டு, சிறை சென்றதற்காக வருந்துகின்றாயா என்று வினவினார். வருத்தமில்லை, இப்போது அழைத்தாலும் மீண்டும் செல்வேன் என்று அப்பெண் விடையிறுத்தார். 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். வயது பதினாறு. தாயகத்தின் மண்ணை மிதித்தறியாத அச்சிறுமி அதன் மானத்திற்காக மாண்டார்.

அவ்வாண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. நம் முறைப்படி நடந்த திருமணங்களுக்குச் சட்ட மதிப்புக் கிடைத்தது. எல்லாம் கிட்டிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அனைத்து இனத்தவர்க்கும் சமமான வாக்குரிமை அந்நாட்டில் 1994-இல்தான் வந்தது. ஆயினும் வாக்கற்ற பெண்கள் ஒரு சட்டத்தை மாற்றிக் காட்டினர் என்பது மறுக்கவொண்ணா உண்மை.

அவர்கள் ஏற்றிய விளக்கு அவர்களோடு அணையவில்லை. 1946-இல் இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்திப் புதுச்சட்டம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் வந்தபோது, டர்பன் நகரத் தமிழ் மருத்துவர் டாக்டர் குணம் அம்மையார் முன்னின்று போராடிச் சிறை சென்றார். அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியத் தூதுக்குழுவின் தலைவியாக நின்று இவ்வழக்கை உலகின்முன் வைத்தவரும் ஒரு பெண்மணியே. அவர் விஜயலட்சுமி பண்டிட். டிசம்பர் 8-ஆம் நாள் 32 நாடுகள் ஆதரவாகவும், 15 நாடுகள் எதிராகவும் வாக்களிக்க, இந்தியாவின் முயற்சி வென்றது. 1953-இல் அவரே அப்பேரவையின் தலைமையை ஏற்ற முதற் பெண்மணி ஆனார். தம்பி நாயுடுவின் பேத்தியாகிய சாந்தி நாயுடு 1969-இல் தனிமைச் சிறையில் வாடியும், வின்னி மண்டேலா முதலியோர்க்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து நின்றார். பாட்டியின் உறுதி பேத்தியிடம் இருந்தது.

நம் நகரத்திற்கும் இதிற் பெரும் பங்கு உண்டு. பம்பாயைப் பொதுவாழ்வின் களமாகக் கொண்டு, விடுதலைப் போரில் சிறை சென்ற ஹன்ஸா மேத்தா அம்மையார், ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் உறுப்பினராக அமர்ந்தார். பதினெட்டு நாடுகளின் பிரதிநிதிகளுள் எலினார் ரூஸ்வெல்ட்டும் இவருமே பெண்கள். மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் விதி, ஆங்கிலத்தில் ஆடவரைக் குறிக்கும் சொல்லாலேயே மனிதர் அனைவரையும் குறித்து எழுதப்பட்டிருந்தது. அச்சொல் பெண்களையும் உட்கொண்டதே என்று சிலர் அமைதி கூறினர். சொல்லைக் காட்டிப் பெண்களை விலக்க நினைக்கும் நாடுகளும் இருக்கும் என்றார் ஹன்ஸா மேத்தா. சொல் மாறியது, மனிதப் பிறவிகள் அனைவரும் என்று ஆயிற்று. 1948 டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸில் 48 நாடுகள் அதனை ஏற்றன. விலகி நின்ற எட்டு நாடுகளுள் தென்னாப்பிரிக்காவும் ஒன்று.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். அவர்கட்கு எம் வாழ்விலிருந்தே ஒன்று கூறுவோம். யாம் தாராவியில் பள்ளி மாணவராயிருந்த காலத்தில் எம் சந்தின் குழாயில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. எம் அன்னையாரும் அண்டை வீட்டுத் தாய்மாரும் இருபது பேர் வெறுங்குடங்களைச் சுமந்து சென்று, உரிய அலுவலகத்தின் வாயிலில் மாலை வரை அமர்ந்தனர். மறுநாள் தண்ணீர் வந்தது. அன்று அவர்கள் கொண்டுசென்ற மனுவை, கையெழுத்து அழகாயிருக்கிறதென்று எம்மையே எழுதச் செய்திருந்தனர். அடியில் இருபது பெயர்கள் எழுதினோம். இருபதும் எம் தந்தையாருடையதும் ஏனைய ஆடவருடையதுமே. குடம் சுமந்த ஒருவரின் பெயரும் அதில் இல்லை. அது பிழையென்று அன்று எமக்குத் தோன்றவுமில்லை.

நியூகாசில் சென்ற பதினொரு பெண்களின் பட்டியலைப் பிற்காலத்தில் படித்தபோதுதான் அம்மனு நினைவுக்கு வந்தது. அப்பட்டியலிலும் பெரும்பாலோர் இன்னாருடைய மனைவி என்றே குறிக்கப்பட்டுள்ளனர். நிலக்கரிச் சுரங்கங்களை நிறுத்திய அவர்களின் சொந்தப் பெயரை அறிய இன்று நாம் தேடியலைய வேண்டியிருக்கிறது.

இவ்வாண்டு மலருக்காக உறுப்பினர் குடும்பப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் பணி எம்மிடம் வந்தது. பழைய பட்டியலில் 'மனைவி' என்று மட்டும் இருந்த இடங்களில் பெயர் கேட்டு வீடு வீடாகச் சென்றோம். செம்பூரில் முதிய அம்மையார் ஒருவர் நகைத்து, "நாற்பது வருஷமாச் சங்கத்துக்கு வாறேன், என் பேரை நீங்கதான் முதல்ல கேட்டிருக்கீங்க, தம்பி" என்றார். அந்நகைப்பு எமக்கு நாணத்தையே தந்தது.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டையில் வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவியாகக் குறிக்க வேண்டும் என்கிறது. அரசின் அட்டையில் தலைவியாக இருப்பவர், நம் சங்கத்தின் ஏட்டில் பெயரற்றவராக இருத்தல் தகுமா? அடுத்த ஆண்டு முதல் உறுப்பினர் ஏட்டில் மகளிர் தத்தம் பெயராலேயே பதிவு பெறவும், செயற்குழுவில் சமையல் ஏற்பாட்டுக்கும் கோலப் போட்டிக்கும் மட்டுமன்றிக் கணக்குக்கும் தீர்மானத்திற்கும் அவர்கள் அமரவும் வழி செய்யுமாறு, சங்கப் பெரியோர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இம்மலரின் இறுதிப் பக்கங்களில் உள்ள பட்டியலைக் காண்க. இவ்வாண்டு அதில் எல்லாப் பெயர்களும் உள்ளன.

வாழ்க தமிழ்! வாழ்க பெண்குலம்!