தொலைக்காட்சி ஆன்டெனாவின் எர்த் இணைப்பு

கூரையிலோ மொட்டை மாடியிலோ நிற்கும் ஆன்டெனாவின் உலோகக் கம்பத்தையும், அதிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கோஆக்சியல் கேபிளின் வெளிப்பின்னலையும் தடித்த கம்பியால் நிலத்துடன் இணைப்பதே எர்த் இணைப்பு. ஆன்டெனாவில் சேரும் நிலைமின்னூட்டத்தை வடிய விடுவதும், அருகில் மின்னல் இறங்கும்போது கேபிளில் எழும் மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடுவதும் இதன் வேலை. ஆன்டெனா மீதே இடி விழுந்தால் இதை மட்டும் நம்ப முடியாது. அதற்கு இடிதாங்கி தனியாக வேண்டும்.

1982இல் இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபின், அதைப் பிடிக்கத் தமிழகக் கடலோர வீடுகளில் உயரமான ஜி.ஐ. குழாய்களில் அலுமினிய ஆன்டெனாக்கள் எழுந்தன. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் டி.டி.எச். டிஷ் இருக்கிறது. உலோகமும் கேபிளும் அதிலும் உண்டு என்பதால் எர்த் தேவை மாறவில்லை.

வழக்கமாக நடக்கும் தவறு, ஆன்டெனாவுக்கென்று தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து அதோடு விட்டுவிடுவது. பார்வைக்குப் பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில் ஆபத்து அதில்தான். ஒரு மின்னலின் உச்ச மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு, 10 ஓம் தடையுள்ள அந்தக் கம்பி வழியே இறங்கினாலும் அதன் தலைப்பில் 30,000 வோல்ட் எழும். வீட்டின் எர்த் அப்போது அந்த அழுத்தத்தில் இருக்காது. இரண்டுக்கும் இடையே பாலமாக இருப்பது கேபிளும் தொலைக்காட்சிப் பெட்டியும் வீட்டு ஒயரிங்கும்தான். மின்னோட்டம் அந்த வழியாகப் பாயும். இரண்டு எர்த்தையும் தடித்த கம்பியால் பிணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தாழும்.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் 810ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. கம்பத்திலிருந்து வரும் செம்புக் கம்பி 10 கேஜுக்கு, அதாவது சுமார் 5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. தனி எர்த் இருந்தால், அதை வீட்டு எர்த்துடன் பிணைக்கும் கம்பி 6 கேஜாவது, அதாவது சுமார் 13 சதுர மி.மீ. இருக்க வேண்டும். இந்தியாவில் எர்த்திங்குக்கான தர விதி ஐ.எஸ். 3043.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு அருகிலேயே, வெளிப்புறத்தில், அதன் பின்னலை எர்த்துடன் இணைக்க வேண்டும். எர்த் கம்பி முடிந்தவரை நேராகவும் குட்டையாகவும் இறங்கட்டும்; கூர்மையான வளைவுகள் வேண்டாம். கிளாம்ப் மாட்டும் இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டிவிட வேண்டும். செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இணைப்பு ஈரத்தில், அதுவும் கடற்காற்றில், விரைவில் அரித்துப்போகும். கேஸ் குழாயிலோ நியூட்ரலிலோ எர்த் கொடுக்கவே கூடாது. தண்ணீர்க் குழாயையும் நம்ப முடியாது. பல வீடுகளில் அது இப்போது பி.வி.சி.

எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போது அது மின்கம்பியில் பட்டால் பிடித்திருப்பவரைக் காப்பாற்றாது. ஆகவே, சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியை எட்டாத இடத்தில்தான் கம்பத்தை நட வேண்டும்.