உள்ளே 40 வாட், வெளியே 1000 வாட்: ஒரு பழைய கேள்விக்குப் பதில்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் தங்கை மகன் பெங்களூரிலிருந்து பேசினான். வீட்டிலிருந்தே வேலை. மேசையில் கணினிக்கு இரண்டு பக்கமும் நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்திருக்கிறான். "மாமா, இதுக்கு இன்டெகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்கணும். 50 வாட் போதுமா, 200 வாட் வாங்கட்டுமா? விலை மூணு மடங்கு" என்றான். அவனுக்குப் பதில் சொல்லி முடித்த பிறகு, 1996-இல் ஒரு மாணவனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் நினைவுக்கு வந்து உறுத்தியது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஒலிபெருக்கி என்றால் நம்மூரில் ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயர் என்பது பாடப்புத்தகத்தில் நாம் படித்த 'பெருக்கி'. சிறிய மின்குறிப்பை வாங்கிச் சீர்செய்யும் பகுதி ஒன்று, ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குத் திறன் கொடுக்கும் பகுதி ஒன்று. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் அது இன்டெகிரேட்டட்.

இதன் கதை தொலைபேசியில் தொடங்குகிறது. நெடுந்தூரப் பேச்சு வழியில் பல பெருக்கிகளைத் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் திரிபைச் சேர்க்கும். கடைசியில் குரல் கொழகொழத்துவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதற்காகவே பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர் ஹரால்டு பிளாக் என்ற பொறியாளர். 1927 ஆகஸ்ட் 2 காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது அவருக்கு வழி புலப்பட்டது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே படம் வரைந்து கணக்கும் போட்டார். வெளியே வருவதில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிட்டால், பெருக்கம் குறையும். திரிபும் அதே விகிதத்தில் குறையும். பிளஸ் டூவில் நீங்கள் மனப்பாடம் செய்த எதிர்ப்பின்னூட்டம் இதுதான். 1928-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது. பெருக்குவதற்காகச் செய்த கருவியில் பெருக்கத்தையே விட்டுக்கொடுப்பதா என்று அன்று பலருக்கும் புரியவில்லை.

வீட்டு இசைக்கு இந்த எண்ணத்தை முழுமையாகக் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1945-இல் ஹரால்டு லீக் 0.1 சதவீதம்தான் திரிபு என்று சொல்லி ஒரு பெருக்கியை அறிவித்தார். பெயரே 'பாயின்ட் ஒன்'. 1947-இல் வில்லியம்சன் என்பவர் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் தன் வால்வு பெருக்கியின் சுற்றுப்படத்தை வெளியிட்டார். பல நாடுகளில் ஆர்வலர்கள் அதைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டார்கள். அதன் திறன் எவ்வளவு தெரியுமா? 15 வாட். அன்றைய பெருமை எத்தனை வாட் என்பதில் இல்லை, எவ்வளவு சுத்தம் என்பதில் இருந்தது.

டிரான்சிஸ்டர் வந்தது. வாட் மலிவானது. உடனே விளம்பரங்களில் எண்கள் வீங்கின. கண நேர உச்சத்தை அளந்து பெரிதாகப் போடுவது, ஒரு பக்கத்தை மட்டும் இயக்கி அளப்பது என்று ஆளுக்கொரு கணக்கு. 1974-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டு விதி போட்டது. எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு திரிபோடு, தொடர்ந்து எத்தனை வாட் என்று நான்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1978-இல் லண்டனின் என்.ஏ.டி. நிறுவனம் 3020 என்ற பெருக்கியைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் எரிக் எட்வர்ட்சன். பக்கத்துக்கு 20 வாட்தான். ஆனால் இசையில் திடீரென்று வரும் உச்சங்களுக்குக் கூடுதல் திறன் இருப்பில் வைத்திருந்தது. குறைந்த விலையில் நல்ல ஒலி கேட்க நினைத்த ஒரு தலைமுறைக்கே அது முதல் பெருக்கியானது.

நம்மூரில் அந்த விதி இல்லை. இங்கே வந்தது பி.எம்.பி.ஓ. எண்பது, தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். இந்த அளவுக்குப் பொது வரையறை எதுவும் கிடையாது. தயாரித்தவர் போட்டதே கணக்கு.

1996 தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம் வாங்கி, மேலே கொஞ்சம் கடனும் வாங்கி, '1000 வாட்' என்று பொன்னிற ஸ்டிக்கர் ஒட்டிய செட் ஒன்று வாங்கினேன். அம்மாவுக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கரகரத்தது. "குறைச்சு வைப்பா, காது வலிக்குது" என்றார்கள். டியூஷனுக்கு வந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் செட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்டான்: "சார், இதுல 40 வாட்னு போட்டிருக்கு. உள்ள 40 வாட் போனா வெளிய எப்படி சார் 1000 வாட் வரும்?"

ஆற்றல் அழிவின்மை விதியை அந்த வாரம்தான் நடத்தியிருந்தேன். கேள்வி சரி என்று கேட்ட கணமே தெரிந்துவிட்டது. கடன் வாங்கி ஏமாந்ததை மாணவன் முன் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "அதெல்லாம் வேற கணக்கு, நீ பாடத்தைப் பாரு" என்று அதட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு என்னிடம் அவன் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

சரி, மருமகனுக்குச் சொன்ன கணக்கு இது. சாதாரணச் சின்ன ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் போலக் கொடுக்கும். மேசையில் உட்கார்ந்தால் ஸ்பீக்கர் அந்தத் தூரம்கூட இருக்காது. நிதானமாக 75 டெசிபெல்லில் கேட்க 0.1 வாட் போதும். மிருதங்க அடி 20 டெசிபெல் எகிறினாலும் 10 வாட். 20 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது 10 டெசிபெல். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவுதான். வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. நாள் முழுக்க மேசையில் இருப்பவனுக்கு அது முக்கியம்.

ஆகவே வாங்கும் முன் இதைப் பார்:

1. 8 ஓமில், இரண்டு பக்கமும் சேர்ந்து இயங்கும்போது, தொடர்ந்து எத்தனை வாட், எவ்வளவு திரிபு? நேர்மையான 20, 30 வாட் தாராளம்.

2. பாட்டுப் போடாமல் ஸ்பீக்கர் அருகே காதை வை. 'உஸ்' என்ற இரைச்சல் கேட்டால் மேசைக்கு ஆகாது.

3. வால்யூமைக் கொஞ்சமாகத் திருப்பும்போது இரண்டு பக்கமும் சமமாக ஒலிக்கிறதா? மேசையில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கேட்பாய்.

4. அடாப்டரில் இயங்கும் சின்னப் பெட்டி என்றால், அடாப்டரின் மேல் உள்ள வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கு. 19 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 57 வாட். பெட்டியில் 200 என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து வருவது 57-க்கும் கீழேதான்.

நான்காவது கணக்கு என்னுடையது இல்லை. அந்த மாணவனுடையது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. தம்பி, இதைப் படிக்கிறாயோ என்னவோ, உன் கேள்வி சரி. 40 வாட் உள்ளே போனால் 1000 வாட் வெளியே வராது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

மருமகன் 30 வாட் பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டான். மிச்சப் பணத்தில் பாட்டிக்குப் பிடித்த நாகஸ்வர ஒலிப்பதிவுகளைத் தேடி வாங்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை போகும்போது கரகரப்பில்லாமல் கேட்க வேண்டும்.

வாழ்க வளமுடன்.