பொமரேனியன் நாய்: உருவம் சிறுத்த வரலாறு

பொமரேனியன் என்பது ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்த சிறிய வளர்ப்பு நாய். கூரிய முகம், நிமிர்ந்த முக்கோணக் காதுகள், முதுகின் மேல் படியும் வால், அடர்ந்த முடி ஆகியவை இவ்வகையின் அடையாளங்கள். பால்டிக் கடலோரத்தில், இன்று போலந்திலும் ஜெர்மனியிலும் அடங்கியுள்ள பொமரேனியா என்ற நிலப்பகுதியின் பெயரே இந்நாய்க்கு வழங்குகிறது.

இன்று மடியில் அடங்கும் இந்நாய் முற்காலத்தில் இவ்வளவு சிறியதன்று. 1761-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை மணந்த சார்லட் அரசி, பொமரேனியாவை அடுத்துள்ள மெக்லன்பர்க் பகுதியிலிருந்து வந்தவர். இங்கிலாந்து அரண்மனைக்குள் இவ்வகை நாய்கள் நுழைந்தது அவரால்தான். அக்காலத்தில் ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ வரைந்த படங்களில் இவை நடுத்தர உயரமுள்ள நாய்களாகவே காணப்படுகின்றன.

சார்லட்டின் பேத்தி விக்டோரியா அரசி 1888-இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்றபோது மார்க்கோ என்ற சிறிய பொமரேனியனை வாங்கி வந்தார். 1891-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் தம் நாய்களைக் காட்சிக்கு வைத்தார். அரசியே சிறிய நாயை விரும்பும்போது மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சிறிய குட்டிகளையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்யும் வழக்கம் வலுத்தது. 1901 ஜனவரியில் அரசி உயிர் பிரியும் தறுவாயில் கேட்டு அருகில் வைத்துக்கொண்டதும் டூரி என்ற பொமரேனியனைத்தான். இப்போது இவ்வினத்தின் எடை பெரும்பாலும் 2 முதல் 3 கிலோ வரையே.

இப்படிச் சிறுக்க வைத்ததன் தொல்லை நாய்க்குத்தான். மூச்சுக்குழாய் தளர்ந்து வாத்து கத்துவது போன்ற இருமல் வருவது இவ்வினத்தில் மிகுதி. ஆகவே கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்காமல், மார்பைச் சுற்றிய பட்டையே பயன்படுத்த வேண்டும். முழங்கால் சில்லு எளிதில் விலகும். கட்டிலிலிருந்து குதிக்க விடலாகாது. சிறிய வாயில் பற்கள் நெருங்கி முளைப்பதால் அடிக்கடி பல் துலக்கிவிடுவது நல்லது.

குளிர்நாட்டு முடி மட்டும் சிறுக்கவில்லை. அது உள்முடி, வெளிமுடி என இரண்டு அடுக்கு கொண்டது. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மொட்டையடிப்பது தவறு. தோல் வெயிலில் வெந்துபோவதுடன், சில நாய்களுக்கு முடி பழையபடி வளர்வதே இல்லை. வாரம் சில முறை சீவி, நிழலும் தண்ணீரும் தந்தால் போதும்.

நம் ஊர் வீடுகளில் 'பொமேரியன்' என அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பல உண்மையில் இந்திய ஸ்பிட்ஸ் இனத்தவை. இவை சற்றுப் பெரியவை. நம் வெப்பத்தையும் ஓரளவு தாங்குபவை.